கை வேக்யூம் பம்ப்: பிரேக் பிடிக்காத பழைய காருக்கு எவ்வளவு தூரம் உதவும்?

துப்பாக்கிப் பிடி மாதிரி ஒரு பம்ப், தலையில் வட்ட மீட்டர், இரண்டு மூன்று ரப்பர் குழாய், மூடி போட்ட பிளாஸ்டிக் குப்பி, கை நிறைய அடாப்டர். 'ஆள் துணை இல்லாமல் பிரேக்கில் ஏர் எடுக்கலாம்' (அதாவது பிரேக் ஆயில் லைனில் புகுந்த காற்றை வெளியேற்றலாம்) என்பதுதான் இந்த செட்டுக்கு வழக்கமான விளம்பரம். அதற்காகவே வாங்குகிறவர்கள் முதல் வாரத்திலேயே சலித்துக்கொள்வார்கள். சரக்கு குப்பியில் இல்லை, மீட்டரில் இருக்கிறது.

பம்பை எடுக்கும் முன் பெடலை மிதித்துப் பாருங்கள். பெடல் கல் மாதிரி இறுகி, வண்டி மட்டும் நிற்க மறுக்கிறதா? பஞ்சு மாதிரி அமுங்குகிறதா? மிதித்துப் பிடித்திருக்கும்போதே மெல்ல மெல்ல உள்ளே இறங்குகிறதா? மூன்றும் வேறு வேறு நோய். இந்தக் கருவி தெளிவாகப் பதில் சொல்வது முதலாவதற்கு மட்டும்தான்.

இஞ்சினை நிறுத்திவிட்டு ஐந்தாறு முறை மிதித்தால் பூஸ்டரில் (வேக்யூமைக் கொண்டு நம் மிதிக்குப் பலம் கூட்டும் டப்பா) மிச்சமிருக்கும் வேக்யூம் தீர்ந்து பெடல் இறுகும். அப்படியே அழுத்திப் பிடித்துக்கொண்டு ஸ்டார்ட் செய்தால் பெடல் லேசாக இறங்க வேண்டும். இறங்கவில்லையா? இஞ்சினிலிருந்து வேக்யூம் போதவில்லை, அல்லது வழியிலுள்ள ஹோஸோ செக் வால்வோ (காற்றை ஒரு பக்கம் மட்டும் விடும் வால்வு) கெட்டிருக்கிறது, அல்லது பூஸ்டரே போய்விட்டது. மூன்றில் எது என்று பிரிக்கத்தான் மீட்டர். பூஸ்டரைக் கழற்றி மாற்றிய பிறகு, வெடித்த ஹோஸ்தான் காரணம் என்று தெரிய வருவது பழைய கார்களில் சகஜம்.

செட்டில் வரும் டி-ஜாயின்டை பூஸ்டர் ஹோஸின் நடுவில் போட்டு மீட்டரை இணைத்துவிடுங்கள். பம்பை அடிக்கவே வேண்டாம். நல்ல நிலையிலுள்ள பெட்ரோல் இஞ்சின் ஐடிலிங்கில் 17 முதல் 21 இஞ்ச் (வேக்யூமை அளக்கும் பாதரச இஞ்ச்) வரை காட்டும். மலைப்பகுதி என்றால் ஒவ்வொரு 300 மீட்டர் உயரத்துக்கும் ஏறக்குறைய ஓர் இஞ்ச் கழித்துக்கொள்ளுங்கள். முள் 14, 15-லேயே நின்றால் பூஸ்டரைத் தொடாதீர்கள். இன்டேக் கேஸ்கெட் கசிவு, டைமிங், தேய்ந்த இஞ்சின் என்று தேட வேண்டிய இடம் வேறு. டீசல் காரில் வேக்யூமுக்கென்று தனி பம்ப் இருக்கும், பெரும்பாலும் ஆல்டர்னேட்டரின் பின்புறத்திலோ கேம்ஷாஃப்ட் முனையிலோ. சந்தேகம் முதலில் அதன்மேல்தான் விழ வேண்டும்.

அடுத்து இஞ்சினை நிறுத்திவிட்டு முள்ளைக் கவனியுங்கள். 20 இஞ்சில் இருந்து 15 விநாடிக்குள் ஓர் இஞ்சுக்கு மேல் இறங்கினால் எங்கோ ஒழுகுகிறது. இறங்கவில்லை என்றால் பெடலை மிதித்துப் பிடித்தபடி இன்னொரு முறை. மிதித்த நொடியில் முள் கொஞ்சம் விழும், அது இயல்பு, அதற்கப்புறம் அசையக்கூடாது. மிதிக்காதபோது நின்று, மிதித்தால் மட்டும் சரிந்துகொண்டே போனால் கோளாறு பூஸ்டருக்குள் இருக்கிறது. கூடவே பெடல் பக்கத்தில் விடாமல் 'உஸ்' சத்தமும் கேட்கும்.

இந்தச் சோதனைக்கு டி-ஜாயின்ட் செக் வால்வுக்கும் பூஸ்டருக்கும் இடையில் இருந்தாக வேண்டும். பல கார்களில் செக் வால்வு பூஸ்டரின் ரப்பர் குரோமெட்டிலேயே செருகியிருக்கும். அப்போது வால்வைப் பிடுங்கிவிட்டு, அந்த ஓட்டையில் அடாப்டர் வைத்துக் கையால்தான் இழுக்க வேண்டும். பூஸ்டருக்குள் லிட்டர் கணக்கில் காற்று, பம்ப் ஒரு அடிக்கு இழுப்பதோ சில மில்லிலிட்டர். நூறு அடிக்கு மேல் போகும், மணிக்கட்டு வலிக்கும். வால்வு கையில் இருக்கும்போதே சோதித்துவிடுங்கள்: பூஸ்டர் பக்க முனையில் இழுத்தால் வேக்யூம் நிற்க வேண்டும், இஞ்சின் பக்கம் இழுத்தால் நிற்கக்கூடாது. அதே ஓட்டை வழியே கம்பியில் சுற்றிய வெள்ளைத் துணியை விட்டு அடியில் துடைத்துப் பாருங்கள். பிரேக் ஆயில் ஈரம் ஒட்டி வந்தால் மாஸ்டர் சிலிண்டரின் (பெடலை மிதித்தால் ஆயிலை லைனுக்குள் தள்ளும் பாகம்) பின் சீல் போய்விட்டது. வெளியே ஒரு சொட்டு ஒழுகாமல் ஆயில் மட்டம் குறைவதன் ரகசியம் அதுவாக இருக்கலாம்.

ஏர் எடுப்பதில் வரும் புகார் ஒன்றே ஒன்று: குமிழி நிற்பதே இல்லை. அது லைனில் இருக்கும் ஏர் அல்ல. சக்கரத்துப் பக்கம் ஏர் எடுக்கும் நிப்பிளைத் தளர்த்தியதும் மரை இடுக்கு வழியே வெளிக்காற்று குழாய்க்குள் புகுகிறது. நிப்பிளைக் கால் சுற்றுக்கு மேல் திறக்காமல், மரையைச் சுற்றி சிலிகான் கிரீஸ் தடவினால் பெருமளவு அடங்கும். சாதா கிரீஸ் வேண்டாம், பிரேக் ரப்பரை ஊத வைத்துவிடும். மாஸ்டர் சிலிண்டர் டப்பா காலியாகாமல் ஊற்றிக்கொண்டே இருக்கவும் வேண்டும். மொத்தத்தில் பழைய ஆயிலை உறிஞ்சி எடுக்க நல்ல கருவி. கடைசிச் சுற்றுக்குப் பெடலில் ஒரு ஆளை உட்கார வைப்பதே மேல்.

மெல்ல இறங்கும் பெடலுக்கு இதனால் பயனே இல்லை. வெளியே கசிவு எதுவும் தெரியாவிட்டால், மாஸ்டர் சிலிண்டரின் அவுட்லெட்டுகளைப் பிளக் போட்டு அடைத்து, ஏர் எடுத்து மிதியுங்கள். அப்போதும் இறங்கினால் உள் சீல் தேய்ந்திருக்கிறது. பஞ்சு மாதிரி அமுங்கும் பெடலுக்குக் காரணம் ஊதிப்போன பிரேக் ஆயில் ஹோஸா என்று அறிய, ஒருவர் மிதிக்கும்போது இன்னொருவர் கையால் பிடித்துப் பார்த்தால் போதும். இரண்டாவது மிதியில் பெடல் மேலே வந்தால் பின் டிரம்மில் ஷூ இடைவெளியைப் பாருங்கள்.

வாங்கியதும் பம்பின் மூக்கைக் கட்டைவிரலால் அடைத்து 20 இஞ்சுக்கு இழுத்து, ஐந்து நிமிடம் முள் அசைகிறதா என்று பாருங்கள். அசைந்தால் ரிலீஸ் வால்விலோ மீட்டர் மரையிலோ கசிவு. அந்தப் பழியைப் பிறகு பூஸ்டர் சுமக்கும். அடாப்டர் ரப்பர் விறைப்பாக இருந்தாலும் இதே தொல்லைதான். குப்பி எப்போதும் நிமிர்ந்தே தொங்க வேண்டும். சாய்ந்தால் பிரேக் ஆயில் குறுக்குக் குழாய் வழியே பம்புக்குள் ஏறிவிடும். பெயின்ட் மேல் சிந்தினால் உடனே தண்ணீர் ஊற்றிக் கழுவிவிடுங்கள்.