1962 போர்ட் எலன் என்று யாராவது விற்க வந்தால்

போன மாதம் 900 பவுண்டைக் கோட்டை விட்டேன். ஸ்காட்லாந்தில் பழைய விஸ்கி வாங்கும் ஆசை உள்ளவர்கள் இதைப் படித்துவிட்டு வாங்குங்கள்.

தெரியாதவர்களுக்காக: போர்ட் எலன், ஐலா தீவின் தென்கரையில் 1825இல் தொடங்கிய டிஸ்டில்லரி, அதாவது விஸ்கி வடிக்கும் ஆலை. 1983இல் மூடினார்கள். நாடு முழுக்கக் கிடங்குகளில் சரக்கு தேங்கிக் கிடந்த காலம் அது. முதலாளிக் கம்பெனிக்கு அதே தீவில் லகவுலின், கல் ஈலா என்று இன்னும் இரண்டு இருந்ததால் இதன் தலையில் கை வைத்தார்கள். ஓடிய காலத்தில் இங்கே வடித்ததில் பெரும்பகுதி கலப்பு விஸ்கிக்குத்தான் போனது, தனியாக யாரும் பெரிதாகக் கொண்டாடியதில்லை. மூடிய பிறகுதான் ராஜ மரியாதை! மிச்சமிருந்த பீப்பாய்களிலிருந்து 2001 முதல் அதன் இப்போதைய முதலாளியான டியாஜியோ கம்பெனி கொஞ்சம் கொஞ்சமாக பாட்டிலில் அடைத்து விற்க, விலை ஆயிரக்கணக்கான பவுண்டுக்குப் போய்விட்டது.

எனக்கு விற்றவர் தெரிந்த ஒருவர் மூலம் வந்தவர். நல்ல மரியாதையான பேச்சு. தாத்தா சேர்த்து வைத்ததாம், வீட்டைக் காலி செய்கிறார்களாம், 2024இல் டிஸ்டில்லரியைத் திரும்பத் திறந்துவிட்டதால் பழசுக்கு இன்னும் மவுசு ஏறுமாம். லேபிளில் 1962இல் காய்ச்சியது, 1981இல் அடைத்தது என்று இருந்தது. சந்தையில் அதிகம் பார்ப்பது எழுபதுகளின் கடைசியில் வடித்தவைதான், இது அதைவிடப் பழசு என்று எனக்கு ஒரே குஷி. கார்டு வேண்டாம், பேங்கில் நேராகப் போட்டுவிடுங்கள் என்றார். அங்கேயாவது யோசித்திருக்க வேண்டும். கிரெடிட் கார்டில் வாங்கும் பொருள் 100 பவுண்டுக்கு மேல் என்றால், ஏமாந்தாலும் கார்டு கம்பெனியிடம் பணத்தைக் கேட்க இந்த நாட்டில் சட்டமே இருக்கிறது. தெரிந்தும் போட்டேன்.

அப்புறம் பல வருஷமாகப் பாட்டில் சேர்க்கும் ஒரு பெரியவரிடம் காட்டினேன். மூடியைத் தொடக்கூட இல்லை. "62இல் அங்கே யார் காய்ச்சினார்கள்?" என்று மட்டும் கேட்டார். விஷயம் என்னவென்றால், போர்ட் எலன் மூடியது ஒரு தடவை இல்லை, இரண்டு தடவை. 1930 வாக்கில் முதலில் மூடி, 1967இல்தான் மறுபடி அடுப்பு மூட்டினார்கள். நடுவில் கிட்டத்தட்ட நாற்பது வருஷம் ஒரு சொட்டு வடியவில்லை. அதாவது 1962 போர்ட் எலன் என்ற ஒன்று உலகத்திலேயே கிடையாது. அதோடு லேபிளில் 70 சென்டிலிட்டர் என்று போட்டிருந்தது. பிரிட்டனில் அந்த அளவு 1990ஐ ஒட்டி வந்தது, 1981இல் அடைத்திருந்தால் 75 என்று இருந்திருக்கும். விரல் நகத்தளவு எழுத்து, நான் கவனிக்கவே இல்லை. லேபிளின் மஞ்சள் நிறம்கூட டீத்தண்ணி உபயமாகத்தான் இருக்கும்.

நான் மட்டும் ஏமாந்தவன் இல்லை என்பதில் ஒரு அற்ப ஆறுதல். 2018இல் க்ளாஸ்கோ பக்கத்தில் ஈஸ்ட் கில்பிரைடில் இருக்கும் ஆய்வுக்கூடத்தில் 55 அரிய பாட்டில்களைக் கார்பன் முறையில் சோதித்தபோது 21 தேறவில்லை. ஐம்பதுகள், அறுபதுகளில் வெடித்த அணுகுண்டுச் சோதனைகளால் காற்றில் கூடிய கார்பன்-14 அப்போது விளைந்த பார்லியிலும் ஏறி, அதிலிருந்து வடித்த விஸ்கியிலும் தங்கிவிடுகிறதாம், அதை அளந்து வயதைச் சொல்லிவிடுகிறார்கள். என்னுடையதற்கு அணு விஞ்ஞானம் தேவைப்படவில்லை, ஒரு பெரியவரின் ஒரு கேள்வி போதுமாக இருந்தது.

விற்றவர் இப்போது போனை எடுப்பதில்லை. 101க்கு அழைத்து போலீஸில் புகார் கொடுத்து ஒரு எண் வாங்கி வைத்திருக்கிறேன். உள்ளே என்ன இருக்கிறதோ, குடிக்கத் தைரியம் இல்லை, பாட்டில் சமையலறையில் வினிகருக்குப் பக்கத்தில் நிற்கிறது.

நேற்று அதே அறிமுகக்காரர் பேசினார். அவரிடமும் இப்போது ஒரு பாட்டில் வந்திருக்கிறதாம், அதே தாத்தா கதை. ரோஸ்பேங்க் என்ற இன்னொரு டிஸ்டில்லரியில் 1996இல் காய்ச்சியதாம். ரோஸ்பேங்கை மூடியது 1993இல்.