நமக்கு நாமே பேவர் பிளாக்: ரோட்டுக்கு நாலு, முடிவுக்கு ரெண்டு

இணையத்தில் நகராட்சிக்கு நட்சத்திரம் போடுகிறவர்கள் எல்லாரும் பிறப்புச் சான்றிதழ் வாங்க அலைந்த கதையைத்தான் எழுதுகிறார்கள். நான் எங்கள் தெருவில் போட்ட பேவர் பிளாக் ரோட்டுக்கு மார்க் போடுகிறேன். ரோட்டுக்கு ஐந்துக்கு நாலு. அது எங்கள் தெருவுக்கு வந்து சேர்ந்த விதத்துக்கு ரெண்டுதான்.

ஊர் திருப்பூர் மாவட்டம். நகராட்சியின் பெயர் வேண்டாம். நான் வேறொரு பேரூராட்சியில் வரித்தண்டலராக இருந்து ஓய்வு பெற்றவள்; இங்கே எல்லாருக்கும் இன்னும் 'வரி அக்கா'தான். 2016 கடைசியிலிருந்து 2022 தொடக்கம் வரை நகராட்சிகளில் தேர்ந்தெடுத்த மன்றமே இல்லை. தனி அலுவலர்தான் எல்லாம். அந்தக் காலம் பூராவும் எங்கள் தெருவின் தார் ரோடு ஜல்லியாகி, ஜல்லி மண்ணாகிவிட்டது. புதுக் கவுன்சிலர் வந்ததும் போய் நின்றோம்.

"அக்கா, பணமிருந்தா போட மாட்டேனுங்களா? 'நமக்கு நாமே'ல மூணுல ஒரு பங்கு கட்டுங்க, அடுத்த டெண்டர்லயே சேர்த்துடறேன்" என்றார்.

தி.மு.க. ஆட்சியில் 1997-98இல் வந்த திட்டம் இது. 2011க்குப் பிறகு அ.தி.மு.க. ஆட்சியில் 'தன்னிறைவுத் திட்டம்' என்று பேர் மாறி, 2021இல் பழைய பேரோடு திரும்பி வந்தது. மக்கள் ஒரு பங்கு போட்டால் மிச்சத்தை அரசு போடும்.

கவுன்சிலர் சொன்னது பொய்யில்லை. அந்த வருஷக் கணக்கு எனக்குத் தெரியும். மத்திய அரசின் பதினைந்தாவது நிதிக்குழு மானியத்தில் எங்களைப் போன்ற ஊர்களுக்கு வந்ததில் 60 சதவீதம் குடிநீர், துப்புரவு என்று முன்கூட்டியே கட்டிப்போட்டது. மீதி 40 சதவீதத்தைத்தான் விருப்பப்பட்ட வேலைக்கு எடுக்க முடிந்தது, அதற்குப் போட்டி அதிகம். 2022 ஜூலையில் அரசு ஒப்பந்த வேலைக்கு ஜி.எஸ்.டி. 12இலிருந்து 18 ஆனது. 4 லட்ச ரூபாய் வேலைக்கு 24,000 வரியிலேயே கூடுதலாகப் போனால், அந்த அளவுக்கு ரோட்டின் நீளம் குறையாமல் என்ன செய்யும்? தார் விலையும் கச்சா எண்ணெயோடு சேர்ந்து ஏறியிருந்தது.

வரியைக் கூட்டலாமே என்றால், கூட்டித்தான் விட்டார்கள். 2022 ஏப்ரலில் 600 சதுர அடிக்குள் இருக்கும் வீட்டுக்கு 25 சதவீதம், 1,200 வரை 50, 1,800 வரை 75, அதையும் தாண்டினால் 100. நூல் விலை எகிறி பனியன் கம்பெனிகள் ஷிப்டைக் குறைத்த வருஷம் அது. வீடு வீடாகப் போய் வரி கேட்ட கை இது. அந்த வருஷம் வசூலுக்குப் போன பையன்களை நினைத்தால் எனக்கே பாவமாக இருந்தது.

மதிப்பீடு 4 லட்சத்து 80 ஆயிரம். எங்கள் பங்கு 1 லட்சத்து 60 ஆயிரம், வீட்டுக்கு 5,000. சொல்லும்போது சின்னத் தொகைதான். வசூல் என்று இறங்கினால் தெருவின் குணம் தெரியும். மாடி வீட்டுக்காரர் "நாங்க கோயமுத்தூர் போயிடப் போறமுங்க" என்றார். இன்னும் போகவில்லை. மூணு வீட்டில் வாடகைக்கு இருப்பவர்கள் ஓனரைக் கேட்கச் சொன்னார்கள், ஓனர்கள் "ரோட்டுல நடக்கறது அவிங்கதானே" என்றார்கள். குறைந்ததைக் கடைசியில் மாவு மில்காரர் போட்டார். அவர் கடைக்கு வரும் ஸ்கூட்டிகள் வழுக்கி விழாமல் இருந்தால் அவருக்குத்தான் லாபம், அதனால் நான் ரொம்பப் புகழ மாட்டேன்.

இனி ரெண்டு மார்க் கதை. எங்களுக்குப் பின்னால் லைன் வீட்டுத் தெரு, ஒட்டி ஒட்டி வரிசையாகக் கட்டிய வாடகை வீடுகள். பனியன் கம்பெனியில் செக்கிங், கை மடி வேலைக்குப் போகும் பெண்கள் அதிகம். பக்கத்து மேட்டுச் சாக்கடை அந்தத் தெருவுக்குள்தான் வழியும். தேவை என்று பார்த்தால் முதல் ரோடு அங்கேதான் போட்டிருக்க வேண்டும். ஆனால் ஒரு பங்கு கட்ட அங்கே ஆளில்லை. லைன் வீடுகள் ரெண்டு பேர் கையில், ரெண்டு பேரும் வெளியூர். 2022 நவம்பர் 1, உள்ளாட்சி தினத்தன்று முதல்முறையாக நடந்த பகுதி சபைக் கூட்டத்தில், அதாவது அந்தப் பகுதி மக்கள் கூடிக் குறை சொல்லும் கூட்டத்தில், இதைத்தான் கேட்டேன்: கட்ட முடிந்த தெருவுக்கு அரசுப் பணம் 3 லட்சத்து 20 ஆயிரம், கட்ட முடியாத தெருவுக்குச் சுழியமா? அந்தப் பணத்தில் மழைக்கு முன்னால் வார்டு முழுக்கக் குழியடைத்து, அங்கே ஒரு வடிகாலும் கட்டியிருக்கலாமே? "இந்தத் திட்டத்துப் பணத்தை அப்படி மாத்த முடியாதுங்க மேடம்" என்றார் பொறியாளர். விதிப்படி சரியான பதில். அவர் மேல் கோபமில்லை, எங்கள் பங்கைக் கட்டியதும் நான்தான்.

வேலையைப் பற்றி. பழைய தாரின் மேலேயே ஏற்றாமல் ஜே.சி.பி. வைத்துத் தோண்டி எடுத்துவிட்டுப் போட்டார்கள். சாலையைச் சுரண்டி எடுத்துவிட்டுத்தான் புதிது போட வேண்டும், மட்டம் உயரக்கூடாது என்று 2021இல் தலைமைச் செயலாளராக இருந்த இறையன்பு எழுதியது நினைவிருக்கலாம். அதனால் மழைத்தண்ணி வாசப்படி ஏறவில்லை. இதற்கே ஒரு மார்க் தனியாகக் கொடுத்தேன். ஓரத்தில் கெர்ப் கல் நேராக நிற்கிறது, இடுக்கில் மணல் நிறைத்து அதிர்வு மெஷினும் ஓட்டினார்கள்.

குறை ஒன்று: கல் 60 மில்லிமீட்டர். பைக், கார் போகும் தெருவுக்கு பேவர் கல்லுக்கான இந்தியத் தர விதி ஐ.எஸ். 15658 சொல்வது அதுதான், எம்35 என்கிற கான்கிரீட் வலிமைத் தரத்தில். எங்கள் தெருவிலோ தண்ணி லாரியும் நூல் டெம்போவும் வரும். அதற்கு 80 மில்லிமீட்டர், எம்40 வேண்டும். மில் திருப்பத்தில் இப்போதே ஓரிடம் தட்டுப்போல் அமுங்கியிருக்கிறது. "எஸ்டிமேட்டே 60க்குத்தானுங்க" என்றார் ஒப்பந்தக்காரர். உங்கள் தெருவில் போடப்போகிறார்கள் என்றால் பணம் கட்டும் முன்பே மதிப்பீட்டு நகலை வாங்கிக் கனத்தைப் பாருங்கள், கல் வந்து இறங்கியதும் ஒன்றை எடுத்து ஸ்கேலால் அளந்துவிடுங்கள். சங்கடமாக இருந்தாலும் அளந்துவிடுங்கள்.

இன்னொரு வசதி, குடிநீர்க் குழாய் வெடித்தபோது தெரிந்தது. தார் ரோடாக இருந்தால் வெட்டிய தழும்பு காலத்துக்கும் நிற்கும். இங்கே கல்லைப் பெயர்த்து, குழாயைச் சரிசெய்து, அதே கல்லைத் திரும்ப அடுக்கினார்கள். அடியில் மணலை மட்டமாக விரிக்காமல் அடுக்கியதால் அங்கே கல் ஆடுகிறது, வண்டி போனால் 'டக் டக்'கென்று சத்தம். மேஸ்திரி ஒருவரைக் கூட்டி வந்தால் அரை நாளில் முடிகிற வேலை.

வேலையில் குறை வந்தால் என்று ஒப்பந்தக்காரரின் பில்லில் பிடித்து வைத்த தொகை இன்னும் நகராட்சியிடம்தான் இருக்கிறது. அதை விடுவிப்பதற்கு முன்னால் மில் திருப்பத்தை எடுத்துப் போடச் சொல்லி மனு கொடுத்திருக்கிறேன், ஒப்புகைச் சீட்டும் வாங்கி வைத்திருக்கிறேன். பின்தெரு லைன் வீட்டுக்காரர்களில் ஒருவர் போன வாரம் போனில் பேசினார், தன் பங்கைக் கட்டுகிறாராம். வாடகையைக் கூட்டாமல் கட்டுகிறீர்களா என்று கேட்டிருக்கிறேன், பதில் வரவில்லை.