எடை ஒரே இடத்துல நின்னுடுச்சா? நேரமே இல்லாதவங்களுக்கு எந்த வழி ஒத்து வரும்

அஞ்சு மாசத்துல 78 கிலோவுல இருந்து 70க்கு வந்தேன், அதுக்கப்புறம் ஏழு வாரமா 70.2, 69.9, 70.4ன்னு அங்கயே சுத்திட்டு இருந்துச்சு. காலையில அஞ்சு மணிக்கு எந்திரிச்சு, ரெண்டு பிள்ளைங்களுக்கும் டிபன் பாக்ஸ் கட்டிக் குடுத்து, கூடுவாஞ்சேரில ட்ரெயின் புடிச்சு கிண்டில இறங்கி ஆபீஸ் போயிட்டு, ராத்திரி எட்டு மணிக்கு வீடு வந்து சேர்ற ஆளுக்கு "தினமும் ஒரு மணி நேரம் ஜிம் போங்க"ன்னு சொல்றதுல ஒரு பிரயோஜனமும் இல்ல. அதனால எல்லாரும் சொல்ற வழிகளை ஒவ்வொண்ணா பார்த்தேன், வாரத்துக்கு எத்தனை நிமிஷம் கேட்குது, அதுக்கு என்ன திருப்பித் தருதுங்கறதுதான் என் கணக்கு.

அதுக்கு முன்னாடி நிஜமாவே நின்னிருக்கான்னு பாருங்க. முந்தின நாள் ஊறுகாய் அப்பளம் அதிகமா சாப்பிட்டிருந்தாலோ, பீரியட்ஸ் நெருங்குனாலோ உடம்பு தண்ணியைப் பிடிச்சு வச்சுக்கும், ஒரு கிலோ சும்மாவே ஏறி இறங்கும். தினமும் காலையில எடை பார்த்து வாரத்துக்கு ஒரு ஆவரேஜ் போடுங்க, கூடவே தையல் டேப்பால இடுப்பையும் அளந்து எழுதுங்க, நாலு வாரம் ரெண்டுமே அசையலைன்னாதான் நின்னிருக்குன்னு அர்த்தம். ஏன் நிக்குதுன்னா, எட்டு கிலோ குறைஞ்ச உடம்புக்கு அதே வேலைக்கு தினமும் 100 கலோரிக்கு மேல கம்மியாவே போதும், அதோட குறைவா சாப்பிடுறப்ப நமக்கே தெரியாம அசையறதும் குறைஞ்சிடும். 78 கிலோவுல எடையைக் குறைச்ச அதே தட்டு 70 கிலோவுல எடையை அப்படியே வச்சிருக்கும், அவ்வளவுதான். களைப்பு, முடி கொட்டுறதுன்னு வேற தொந்தரவும் இருந்தா ஒரு தைராய்டு டெஸ்ட் எடுத்துப் பார்த்துடுங்க.

முதல்ல 16 மணி நேர ஃபாஸ்டிங். நேரக் கணக்குல இதை அடிச்சுக்க ஆள் இல்ல, காலை டிபன் சாப்பிடுற 15 நிமிஷம் மிச்சம்தான் ஆகும். ஆனா பலன்? 2020ல அமெரிக்காவுல 116 பேரை வச்சு 12 வாரம் பார்த்தாங்க, மதியம் 12ல இருந்து ராத்திரி 8 வரைக்கும் மட்டும் சாப்பிட்டவங்களுக்கும் மூணு வேளை சாப்பிட்டவங்களுக்கும் எடையில பெரிய வித்தியாசம் வரல. 2022ல சீனாவுல குவாங்சோவுல 139 பேரை ஒரு வருஷம் பார்த்தப்பவும், கலோரியைக் குறைச்சவங்க எட்டு மணி நேரத்துக்குள்ள சாப்பிட்டாலும் எப்பவும் போல சாப்பிட்டாலும் கிட்டத்தட்ட ஒரே பலன்தான். அதாவது கடிகாரம் எடையைக் குறைக்காது, அந்த நேரத்துக்குள்ள கம்மியா சாப்பிட்டாதான் குறையும். நான் மூணு வாரம் இருந்து பார்த்தேன், காலையில பசி பெருசா தெரியல, ஆனா சாயங்காலம் அஞ்சு மணிக்கு ஆபீஸ் கீழ டீக்கடையில பஜ்ஜி போடுற வாசனை வந்தா காலே தானா அங்க போயிடுச்சு. வழக்கமாவே காலையில பசிக்காதவங்களுக்கு இது ரொம்ப நல்ல வழி, எனக்கு இல்ல. சுகருக்கு மாத்திரையோ இன்சுலினோ எடுக்கறவங்க டாக்டரைக் கேட்காம இதுல இறங்கவே இறங்காதீங்க, சுகர் இறங்கி மயக்கம் வரலாம்.

அடுத்தது அளந்து எழுதுறது. தினமும் 15 நிமிஷம் ஆகும், சலிப்பாவும் இருக்கும், ஆனா எனக்குக் கண்ணைத் திறந்தது இதுதான். "நான் கம்மியாதான் சாப்பிடுறேன், ஆனா குறையல"ன்னு சொன்னவங்களை 1992லயே அமெரிக்காவுல அளந்து பார்த்திருக்காங்க, சாப்பிட்டதுல கிட்டத்தட்ட பாதி அவங்க கணக்குலயே வரல, வேணும்னே மறைச்சிருக்கணும்னு இல்ல, சாப்பிட்டது மறந்தும் போகும். எனக்கு மறந்தது எண்ணெய். பாக்கெட்டை உடைக்கிறப்ப மேல தேதி எழுதி வச்சேன், நாலு பேர் வீட்டுல ஒரு லிட்டர் ஒன்பதே நாள்ல தீர்ந்துச்சு. தலைக்கு தினமும் 28 மில்லி, கிட்டத்தட்ட 230 கலோரி. டயட்டீஷியன்கள் வழக்கமா சொல்ற மாசத்துக்கு அரை லிட்டர் கணக்குப்படி பார்த்தா தலைக்கு 17 மில்லிக்குள்ள நிக்கணும். தோசையைச் சுத்தி கரண்டியால ஊத்துறதை நிறுத்திட்டு அஞ்சு மில்லி ஸ்பூனால ஊத்தினேன், ஒரு ஸ்பூனே தோசைக் கல்லு முழுக்கப் பரவுச்சு, இத்தனை வருஷம் மூணு ஸ்பூன் அளவு ஊத்திட்டு இருந்திருக்கேன்.

இன்னொண்ணு சனி ஞாயிறு. திங்கள்ல இருந்து வெள்ளி வரைக்கும் தினமும் 300 கலோரி குறைச்சா மொத்தம் 1500, சனிக்கிழமை பரோட்டா ஞாயித்துக்கிழமை பிரியாணின்னு நாளுக்கு 700 கூடுச்சுன்னா 1400 திரும்ப வந்துடுச்சு. வாரம் பூரா கஷ்டப்பட்டதுக்கு மிச்சம் 100 கலோரி. இதை எழுதிப் பார்க்காம கண்டுபிடிக்கவே முடியாது. காலம் பூரா எழுத வேணாம், ரெண்டு வாரம் போதும், எங்க ஓட்டை இருக்குன்னு தெரிஞ்சுடும்.

நடையைப் பத்தி சுருக்கமா சொல்லிடறேன். 70 கிலோ ஆளு அரை மணி நேரம் வேகமா நடந்தா சுமார் 120 கலோரி செலவாகும், நம்ம மிக்சர் ஒரு கைப்பிடியே அதைத் தாண்டிடும். பத்தாயிரம் ஸ்டெப்ஸ்ங்கறது 1965ல ஜப்பான்ல ஒரு நடை மீட்டரை விக்கறதுக்கு வச்ச பேர்ல இருந்து வந்த எண், அது வரலையேன்னு கவலைப்பட வேணாம். ஸ்டேஷன்ல இருந்து ஷேர் ஆட்டோவை விட்டுட்டு நடந்தா தனியா நேரம் ஒதுக்காமலே கணிசமா சேரும். நடை எடையை மெதுவா குறைக்கும், குறைஞ்சதைத் திரும்ப ஏறவிடாம பாத்துக்கறதுல ரொம்ப உதவும்.

வெயிட் தூக்குறதுதான் நான் கடைசியா பார்த்தது, பெண்கள் நிறைய பேர் பயப்படுறதும் இதுக்குத்தான். சாப்பாட்டை மட்டும் குறைச்சா கொழுப்போட சேர்ந்து தசையும் போகும், நம்ம ஊர் உடம்புல அது ஏற்கனவே கம்மி. புனே டாக்டர் யாஜ்னிக்கும் லண்டன் டாக்டர் யுட்கினும் 2004ல தங்களோட போட்டோ ஒண்ணை வெளியிட்டாங்க, ரெண்டு பேருக்கும் பிஎம்ஐ, அதாவது உயரத்துக்கு எடை எவ்வளவுங்கற கணக்கு, 22.3, ஆனா யுட்கின் உடம்புல கொழுப்பு 9.1 சதவீதம், யாஜ்னிக் உடம்புல 21.2. நம்ம ஆளுங்களுக்கு எடை மிஷினை விட இடுப்பளவுதான் முக்கியம், பெண்களுக்கு 80 சென்டிமீட்டர், ஆண்களுக்கு 90க்குள்ள இருக்கணும்.

ஜிம் எல்லாம் வேணாம். பையனோட பழைய ஸ்கூல் பேக்ல ரெண்டு லிட்டர் தண்ணி பாட்டில் மூணு போட்டு அதை இழுத்துத் தூக்குறது, நாற்காலில உக்கார்ற மாதிரி இறங்கி, அதுல உக்காராமலே எந்திரிக்கிறது, சமையல் மேடையைப் புடிச்சுகிட்டு புஷ்அப், வாரத்துக்கு ரெண்டு நாள் 25 நிமிஷம். மொத்தமே 50 நிமிஷம். கூடவே புரோட்டீன் வேணும், மூணு இட்லி சாம்பார்ல பத்து கிராம்கூட தேறாது, ரெண்டு முட்டையில 12 கிராம் இருக்கு, முட்டை சாப்பிடாதவங்களுக்கு 50 கிராம் மீல்மேக்கர்ல 26 கிராம் வரைக்கும் கிடைக்கும். கிட்னி பிரச்சினை இருக்கறவங்க டாக்டரைக் கேட்டுட்டு கூட்டுங்க. முதல் மாசம் மிஷின்ல 600 கிராம்தான் குறைஞ்சுது, ஆனா இடுப்பு மூணு சென்டிமீட்டர் இறங்குச்சு, சுடிதார் பேன்ட் நாடாவை இழுத்துக் கட்டுறப்பவே தெரிஞ்சுது.

டயட்ல இருந்து ரெண்டு வாரம் லீவு எடுக்கறதுன்னும் ஒண்ணு சொல்றாங்க. ஆஸ்திரேலியாவுல 51 ஆண்களை வச்சு செஞ்ச ஆராய்ச்சில ரெண்டு வாரம் டயட், ரெண்டு வாரம் எடை ஏறாத அளவு சாப்பாடுன்னு மாத்தி மாத்தி இருந்தவங்களுக்கு நிறைய குறைஞ்சுது, ஆனா அவங்களுக்கு 30 வாரம் ஆச்சு, விடாம டயட்ல இருந்தவங்க 16 வாரத்துல முடிச்சாங்க, அளந்த சாப்பாட்டையும் குடுத்திருந்தாங்க. ஆறு மாசமா டயட்ல இருந்து வெறுத்துப் போனவங்க பொங்கல் லீவுல எடுத்துக்கலாம், எனக்கு லீவு விட்டா திரும்பி வர்றது கஷ்டம்.

குழந்தை, சமையல், ட்ரெயின்னு ஓடுறவங்களுக்கு நான் சொல்றது ரெண்டு வாரம் எழுதிட்டு அப்புறம் அந்த 50 நிமிஷம். வெளியில சுத்துற சேல்ஸ் வேலைன்னா நடை ஏற்கனவே இருக்கு, ஹோட்டல் எண்ணெயை அளக்கவும் முடியாது, அவங்களுக்கு ஃபாஸ்டிங்கும் வெயிட்டும்தான் சரி. நைட் ஷிஃப்ட் ஆளுங்க முதல்ல தூக்கத்தைச் சரி பண்ணுங்க, அஞ்சு மணி நேரம் தூங்கிட்டு எந்திரிச்சா பசியும் இனிப்பு ஆசையும் கூடும், அப்ப மேல சொன்ன எதைப் பண்ணாலும் பாதி வீணாயிடும். எங்க வீட்டுல இப்ப எண்ணெய் பாக்கெட் 14 நாள் வருது.