உப்புத்தாள் சுற்றிய பெர்ச்: 4,840 ரூபாய் போச்சு, பறவை காலும் புண்ணாச்சு

கோபம் இன்னும் அடங்கவில்லை. இன்றைக்கே எழுதாவிட்டால் நாளைக்கு “போகட்டும் சவம்” என்று விட்டுவிடுவேன். நெல்லைப் பக்கம் காக்டைல் (கொண்டை வைத்த சின்னக் கிளி வகை), லவ் பேர்ட்ஸ் வளர்க்கிறவர்கள் இதைப் படித்துவிட்டுக் கடைக்குப் போங்கள்.

எங்கள் வீடு பாளையங்கோட்டையில். பொன்னி என்று ஒரு காக்டைல் இருக்கிறது. சாம்பல் உடம்பு, கன்னத்தில் ஆரஞ்சுப் பொட்டு. இரண்டு வருஷமாக ஒரு பழைய அகலக் கூண்டில் நன்றாகத்தான் இருந்தது. நகம் மட்டும் நீண்டுகொண்டே போனது. ஒரு தடவை என் கணவர் நகவெட்டியை எடுத்து வெட்டப் போய், நகத்துக்குள் ஓடும் ரத்த நரம்பில் பட்டுவிட்டது. கோதுமை மாவை வைத்து அழுத்தித்தான் ரத்தத்தை நிறுத்தினோம். மகள் அன்றைக்கு ராத்திரி சாப்பிடவே இல்லை. அந்தப் பயத்தோடுதான் கடைக்குப் போனேன்.

கடைப் பெயரைச் சொல்லப் போவதில்லை. வண்ணமீனும் பறவையும் சேர்த்து விற்கிற கடை, அவ்வளவுதான். ஆனித் தேரோட்டக் கூட்டம் அடங்கிய மறுவாரம் மகளையும் கூட்டிக்கொண்டு போனேன். கடைக்காரர் ஐம்பது வயதுக்காரர், நல்ல மரியாதை. முதலில் கேட்டதே “பாப்பா, ஒங்க பறவை பேரென்ன?” என்றுதான். அவரே ஒரு காக்டைலைக் கையில் எடுத்து, காலை விரித்து நகத்தைக் காட்டினார். குட்டையாக, அழகாக இருந்தது. அதை ஒரு பெர்ச்சில், அதாவது கூண்டுக்குள் பறவை உட்காருகிற குச்சியில், உட்கார வைத்துத் தினைக்கதிரை நீட்டினார். அதுவும் ஒற்றைக் காலைத் தூக்கி வைத்துக்கொண்டு சாவகாசமாகக் கொறித்தது.

“பாத்தீயளா அக்கா? நகம் வெட்ட யார்ட்டயும் ஓட வேண்டாம். இதுல உக்காந்தாலே தானா தேஞ்சிரும். என் வீட்டுப் பறவைக்கும் இதான் போட்டிருக்கேன்.”

அந்த இடத்தில்தான் நான் விழுந்தேன். என் வீட்டுப் பறவைக்கும் இதுதான் என்று ஒருவர் சொன்னால் அதற்கு மேல் என்ன கேட்பது? ஒற்றைக் காலைத் தூக்கிக்கொண்டு நின்றதை அப்போது அழகு என்று நினைத்தேன். ஓய்வெடுக்கும்போது பறவைகள் அப்படி நிற்கும்தான். ஆனால் கால் வலித்தாலும் அப்படித்தான் நிற்கும். எனக்குத் தெரியாது, அவருக்குத் தெரிந்திருக்க வேண்டும்.

பெர்ச் செட் 1,640 ரூபாய். ஐந்து குச்சி, ஐந்தும் ஒரே கனம், ஐந்திலும் சாம்பல் நிறத்தில் உப்புத்தாள் குழாய் மாதிரிச் சுற்றி ஒட்டியிருந்தது. ஆசாரிகள் மரம் தேய்க்கிற அதே உப்புத்தாள்தான். அப்புறம், “இது பழைய கூண்டுல நிக்காதுக்கா, இதுக்குன்னு தனிக் கூண்டு இருக்கு” என்று ஒரு ஒல்லியான உயரக் கூண்டையும் தலையில் கட்டினார். அது 3,200. மொத்தம் 4,840 ரூபாய். கால்குலேட்டரில் தட்டிக் காட்டிவிட்டு, விசிட்டிங் கார்டின் பின்பக்கம் பேனாவால் 4840 என்று எழுதிக் கொடுத்தார். பில் கேட்கவில்லை. மரியாதையாகப் பேசுகிறவரிடம் பில் கேட்கக் கூச்சம்.

இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன். கிளம்பும்போது கடைப்பையன் மெதுவாக, “பச்சைக்கிளி குஞ்சு வேணுமாக்கா, உள்ள இருக்கு” என்றான். பச்சைக்கிளி வளர்ப்பதும் விற்பதும் 1972 வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி குற்றம். வேண்டாம் என்று சொல்லிவிட்டு வந்தேனே தவிர, அதை விற்கிற கடையில் வேறு எதை நம்பி வாங்குவது என்று யோசிக்கவில்லை.

முதல் வாரம் பொன்னி பெர்ச்சில் உட்காரவே மறுத்தது. கூண்டுக் கம்பியைப் பக்கவாட்டில் பிடித்துக்கொண்டு தொங்கியது. ராத்திரி தீவனக் கிண்ணத்தின் விளிம்பில் நின்று தூங்கியது. நாங்கள் விளையாட்டு என்று நினைத்து வீடியோ எடுத்தோம். இப்போது அந்த வீடியோவைப் பார்க்க முடியவில்லை. பாவம், கால் எரிந்து ஓடியிருக்கிறது.

கடைக்குப் போன் போட்டேன். “புதுக் கூண்டுன்னா அப்படித்தாம்க்கா, பழகிரும். கிண்ணத்தக் கொஞ்சம் கீழ எறக்கி வைங்க.” கேட்டேன், இறக்கியும் வைத்தேன். பொன்னிக்கு வேறு வழியில்லை, உப்புத்தாளில் உட்கார்ந்துவிட்டது.

மூன்றாவது வாரம் என் மாமியார்தான் முதலில் கவனித்தார். “ஏட்டி, இது கால ஊணவே மாட்டேங்குது, பாரு.” துண்டில் சுற்றி எடுத்துக் காலைத் திருப்பினேன். உள்ளங்காலில் சின்னச் சின்னச் செதில் மாதிரி வரி இருக்குமே, அது தேய்ந்து மழமழவென்று ரோஸ் நிறத்தில் மினுங்கியது. நடுவில் கடுகளவு சிவப்புப் புண். அதில் ஒரு மணல் துணுக்கு ஒட்டியிருந்தது. நகமோ, துளியும் தேயவில்லை! இரண்டு விரல் முன்னால், இரண்டு பின்னால் போட்டுக் குச்சியைப் பிடிக்கும்போது எடையெல்லாம் உள்ளங்காலில்தான் இறங்குகிறது. நக நுனி தாளில் சரியாகப் படுவதே இல்லை. தேய்ந்தது கால்தான்.

போட்டோ எடுத்து வாட்ஸ்அப்பில் அனுப்பினேன். நீல டிக் விழுந்தது, பதில் இல்லை. மறுநாள் நேரில் போனேன். “அண்ணாச்சி மதுரைக்குப் போயிருக்காவ” என்றான் பையன். இரண்டு நாள் கழித்துப் போனபோது ஆள் இருந்தார். முகத்தைக் கூட நிமிர்த்தவில்லை. “கால்சியம் கொறவா இருக்கும்க்கா, தீவனம் என்ன போடுதீய?” என்று ஒரு டானிக் பாட்டிலை எடுத்து வைத்தார், 280 ரூபாய். பெர்ச்சைத் திருப்பி எடுத்துக்கொள்ளுங்கள் என்றேன். “பறவ உக்காந்த சாமான நான் யாருக்கு விக்க? சரி, பில்லு கொண்டாங்க பாப்போம்.” பில்லே தராதவர் என்னிடம் பில் கேட்கிறார். விசிட்டிங் கார்டை நீட்டினேன். “இது யார் எழுதுனதுன்னு எனக்கெப்படித் தெரியும்?” என்றார். மகள் பக்கத்தில் நின்றாள். பறவை பேரைக் கேட்ட அதே ஆள்.

4,840 ரூபாய். எங்களுக்கு அது சின்னத் தொகை இல்லை.

ராமையன்பட்டி கால்நடை மருத்துவக் கல்லூரிக்குக் கொண்டுபோனோம். டாக்டர் பார்த்ததும் கேட்ட முதல் கேள்வி, “உப்புத்தாள் பெர்ச்சா?” இதற்குப் பெயர் பம்பிள்ஃபுட், கோழிக்கும் வரும், புண்ணில் கிருமி ஏறி எலும்பு வரை போனால் காப்பாற்றுவது கஷ்டம் என்றார். நல்லவேளையாக ஆரம்பத்திலேயே வந்துவிட்டோம். ஆட்டோவுக்கும் மருந்துக்கும் ஆன செலவை 4,840-இல் நான் சேர்க்கவே இல்லை.

இதில் எனக்கு ஆறாத வயிற்றெரிச்சல், எங்கள் வீட்டுப் பின்னாலேயே கொய்யா மரம் நிற்கிறது. மாமியார் அரிவாளை எடுத்து மூன்று கிளையை வெட்டிப் போட்டார், காசில்லாமல். பொன்னி ஒரு மணி நேரத்தில் ஏறி உட்கார்ந்து பட்டையை உரிக்க ஆரம்பித்துவிட்டது. பறவை நாள் முழுக்க, தூக்கத்தில் கூட, காலில்தான் நிற்கிறது. ஒரே கனமுள்ள குச்சி என்றால் ஒரே இடத்தில் அழுத்திக்கொண்டே இருக்கும். கிளை அப்படி இல்லை. ஒரு பக்கம் பருமன், ஒரு பக்கம் மெலிசு, நடுவில் முண்டு. கால் அழுத்தம் இடம் மாறிக்கொண்டே இருக்கும்.

விவரமாக எழுதத்தான் உட்கார்ந்தேன், மருந்து போடும் நேரமாகிவிட்டது. அவசரமாகச் சொல்கிறேன். உப்புத்தாள் பெர்ச் எந்தப் பெயரில் விற்றாலும் வாங்காதீர்கள். ஏற்கெனவே இருந்தால் இன்றைக்கே கழற்றுங்கள். கொய்யா, வேம்பு நல்லது, பூச்சிமருந்து அடிக்காத மரமாக இருக்க வேண்டும். காக்டைலுக்குச் சுண்டுவிரல் கனத்திலிருந்து கட்டைவிரல் கனம் வரை கலந்து வையுங்கள், லவ் பேர்ட்ஸுக்கு இன்னும் மெலிசாக. தேய்த்துக் கழுவி நம் ஊர் வெயிலில் இரண்டு நாள் காய விடுங்கள். நாலுவழிச் சாலை நடுவில் பூத்து நிற்கிற அரளியை மட்டும் தொடவே தொடாதீர்கள், முழுக்க விஷம். தண்ணீர்க் கிண்ணத்துக்கு நேர் மேலே கிளை வைக்க வேண்டாம், எச்சம் விழும். வால் கம்பியில் உரசாத அளவுக்குக் கூண்டு அகலமாக இருக்கட்டும். எனக்கு விற்ற 3,200 ரூபாய்க் கூண்டில் பொன்னி திரும்பினாலே வால் உரசியது.

பில் வாங்குங்கள். பில் இருந்தால் நுகர்வோர் உதவி எண் 1915-க்குப் பேசலாம். மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் 5 லட்சம் வரை உள்ள வழக்குக்குக் கட்டணமே கிடையாது. வாட்ஸ்அப் செய்தியையும் அந்தக் கார்டையும் வைத்து நானும் 1915-க்கு நாளை காலை பேசப் போகிறேன். இடது காலில் புண் ஆறிவருகிறது, வலது காலை இன்னும் முழுசாக ஊன்றவில்லை.