380 ரூபாய் ஸ்பேசர்: ஆறு மாதம் கழித்து எழுதுகிறேன்

புதுவயலில் ஒரு அரிசி ஆலையில் கணக்கு எழுதுகிறேன். ஆலை என்றால் உமியும் தவிட்டுத் தூசியும்தான், எனக்கோ சின்ன வயதிலிருந்து வீசிங். இதைத் தெரிந்துகொண்டே இந்த வேலைக்கு எதற்குப் போனாய் என்று கேட்காதீர்கள், வீட்டிலிருந்து நடந்து போகிற தூரம். மூச்சுக்குழாயை விரிக்கிற சால்பியூட்டமால் பம்ப் எப்போதும் சட்டைப் பையில் இருக்கும். இரண்டு பஃப் இழுத்தால் ஐந்து நிமிடத்தில் மூச்சிரைப்பு இறங்கிவிடும், கூடவே விரல் நடுங்க ஆரம்பிக்கும். லாரி நம்பர் எழுதினால் 3 எது 8 எது என்று எனக்கே தெரியாது. முதலாளி ஒரு நாள் நோட்டைப் பார்த்துவிட்டு "என்னய்யா, ராத்திரி பார்ட்டியா?" என்றார். நான் பீர் கூடக் குடித்ததில்லை.

காரைக்குடியில் ஒரு மெடிக்கலில் இதைச் சொன்னபோது, "ஸ்பேசர் வச்சு இழுங்கண்ணே, நடுக்கமே வராது" என்று 380 ரூபாய்க்கு, பம்புக்கும் வாய்க்கும் நடுவில் மாட்டுகிற ஒரு பிளாஸ்டிக் டப்பாவை நீட்டினார்கள். எப்படிப் பயன்படுத்துவது என்று யாரும் காட்டவில்லை. உள்ளே இருந்த தாளைப் படிக்க பூதக்கண்ணாடி வேண்டும்.

அந்தப் பேச்சை நம்பாதீர்கள். முதல் வாரம் எனக்கு நடுக்கம் குறையவே இல்லை, ஒரு நாள் கூடுதலாகக்கூட இருந்தது. டாக்டரிடம் சண்டைக்குப் போகிற மாதிரி போய்க் கேட்டேன். இந்த மருந்து மூச்சுக்குழாய்த் தசையை எப்படித் தளர்த்துகிறதோ, அதே வகை ஏற்பி (மருந்து போய் ஒட்டுகிற இடம்) கைத் தசையிலும் இருக்கிறதாம், ரத்தத்தில் கலந்து அங்கேயும் போய்த் தட்டிவிடுகிறது. ஸ்பேசர் இல்லாமல் அடிக்கும்போது பெரும்பகுதி தொண்டையில் மோதி வயிற்றுக்குப் போகும், ஸ்பேசர் வைத்தால் நுரையீரலுக்கு அதிகம் சேரும். அப்படியென்றால் பழைய இரண்டு பஃப் இனி எதற்கு? ஒன்று இழுத்து, கொஞ்சம் பொறுத்துப் பார்த்து, போதாவிட்டால் மட்டும் இரண்டாவது என்று மாற்றிக் கொடுத்தார். நடுக்கம் பாதியானது அதற்கப்புறம்தான். பெருமை டப்பாவுக்கு இல்லை, குறைந்த அளவுக்குத்தான்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். பத்து வருடத்துக்கு முன்னால் இதே மருந்தை 4 மில்லிகிராம் மாத்திரையாக விழுங்கிக்கொண்டிருந்தேன். ஒரு பஃப் 100 மைக்ரோகிராம்தான், அந்த ஒரு மாத்திரை 40 பஃப் அளவு. அப்போது இதயம் தறி மாதிரி அடித்துக்கொண்டதற்குக் காரணம் இப்போதுதான் புரிகிறது. பம்ப் போட்டால் அதற்கே அடிமையாகிவிடுவோம் என்று பயந்து மாத்திரை, சிரப் என்றே ஓட்டுகிறவர்கள் நம் பக்கத்தில் இன்னும் இருக்கிறார்கள், அவர்களுக்காகத்தான் இதை எழுதுகிறேன்.

கானாடுகாத்தானில் ஒரு கல்யாணத்துக்குப் போயிருந்தேன். ஒரு வருடமாகப் பூட்டிக் கிடந்த வீடு, முதல் நாள் ராத்திரிதான் வளவு (வீட்டு உள்முற்றம்) முழுக்கக் கூட்டித் தள்ளியிருந்தார்கள். தூசி மூக்கில் ஏறியதும் நாலு பஃப், நடுவில் இரண்டு டம்ளர் டிகாக்‌ஷன் காபி, அதற்கு முந்தைய ராத்திரி ஜலதோஷ மாத்திரை வேறு. மூன்றும் சேர்ந்து நெஞ்சு படபடவென்று அடித்து, பந்தியிலிருந்து எழுந்து முகப்பில் போய் உட்கார்ந்தேன். மூக்கடைப்புக்கு அந்த மாத்திரையில் இருக்கிற மருந்தும், காபியில் இருக்கிற காஃபினும், பம்பும் எல்லாமே இதயத்தை ஓட வைக்கிறவை என்று அன்றைக்கு எனக்கு உறைக்கவில்லை.

அங்கே ஒரு ஆச்சி, "எனக்கும் கை நடுங்கும் தம்பி, இந்த மாத்திரையைப் போடு, நின்னு போகும்" என்று பாசமாக ஒன்றைக் கையில் வைத்தார். நல்லவேளை, விழுங்காமல் பையில் போட்டேன். அது ப்ரோப்ரனலால். நடுக்கத்துக்கு நல்ல மாத்திரைதான், ஆனால் ஆஸ்துமாக்காரனுக்கு மூச்சுக்குழாயை இறுக்கி, பம்பையும் வேலை செய்யவிடாமல் பண்ணிவிடும். டாக்டர் அதைப் பார்த்த பார்வை இருக்கிறதே! கண் அழுத்தத்துக்குப் போடும் டிமோலால் சொட்டு மருந்திலும் இதே ஆபத்து உண்டு என்றார்.

சரி, சாமானுக்கு வருவோம். பிளாஸ்டிக் கெட்டி, இரண்டு முறை சிமெண்ட் தரையில் விழுந்தும் உடையவில்லை. வாய்ப்பகுதியில் இருக்கும் வால்வு மட்டும் நாலாம் மாதமே லேசாக வளைந்துவிட்டது, அந்த விலைக்கு இது கூடாது. புதிதாக வாங்கினால் பாத்திரம் கழுவும் சோப்பில் ஒருமுறை அலசி, துணியால் துடைக்காமல் அப்படியே காய விடுங்கள். துடைத்தால் மின்னூட்டம் ஏறி மருந்து சுவரிலேயே ஒட்டிக்கொள்ளும். நான் பனியனால் நன்றாகத் துடைத்துத் துடைத்து மூன்று வாரம் மருந்தை வீணடித்தேன். ஒரு நேரத்தில் ஒரு பஃப்தான், அடித்ததும் மெதுவாக இழுத்து பத்து எண்ணும் வரை மூச்சை நிறுத்துங்கள்.

மூச்சுக்குழாய் வீக்கத்தைத் தணிக்க தினமும் இழுக்கிற ஸ்டீராய்டு பம்பும் இப்போது இதே ஸ்பேசரில்தான். முன்பு அதனால் தொண்டை கரகரத்து, நாக்கில் வெள்ளை படிந்தது; ஸ்பேசரும், இழுத்தபின் வாய் கொப்பளித்துத் துப்புவதும் சேர்ந்து அதை நிறுத்திவிட்டன. இந்த ஒரு காரணத்துக்கே 380 ரூபாய் தகும். சால்பியூட்டமால் இப்போது பத்து நாளைக்கு ஒருமுறை எடுத்தால் அதிகம். வாரத்துக்கு இரண்டு தடவைக்கு மேல் தேவைப்பட்டாலே ஆஸ்துமா கட்டுக்குள் இல்லை என்று அர்த்தமாம். நான் ஒரு நாளைக்கே நாலு தடவை இழுத்துக்கொண்டிருந்தவன்.

ஐந்துக்கு மூன்றரை கொடுக்கிறேன். வால்வுக்கு ஒன்று, சட்டைப் பையில் நுழையாத பருமனுக்கு அரை குறைத்தேன். டிபன் பையில் வைத்துக்கொண்டு போகிறேன், லோடு ஏற்றுகிற பையன் ஒருத்தன் பார்த்துவிட்டு, "அண்ணே, பாப்பாவுக்குப் பால் பாட்டிலா?" என்கிறான்.