அம்பாசடரா, பத்மினியா: நான் ஏன் அம்பாசடர் எடுத்தேன்

பழைய கார் ஒன்று வாங்கலாம் என்று தேடியதில் கடைசியாக இரண்டு வண்டிகள் மிஞ்சின. ஒன்று 1995 அம்பாசடர் 1800, இன்னொன்று 1989 பிரீமியர் பத்மினி. இரண்டும் பெட்ரோல். அம்பாசடரை எடுத்தேன்.

ஓட்டச் சுகம் பத்மினிதான். 1089 சிசி எஞ்சின், சுமார் 40 குதிரைத்திறன்தான். ஆனால் எடை 900 கிலோவுக்குள் இருப்பதால் டவுனுக்குள் துறுதுறுவென்று போகிறது. நீளம் நாலு மீட்டருக்கும் குறைவு, குறுகிய சந்திலும் கவலையில்லை. ஸ்டீயரிங்கை ஒட்டிய கியர் இரண்டு நாளில் கைக்குப் பழகிவிடும். ஹைவேயில் அம்பாசடர் முந்திவிடுகிறது. 1.8 லிட்டர் இசுசு எஞ்சின், சுமார் 75 குதிரைத்திறன், ஐந்து கியர். ஐந்து பேர் ஏறி, டிக்கி நிறைய சாமான் இருந்தாலும் மேட்டில் திணறுவதில்லை. பின்சீட்டு இடம் ஊருக்கே தெரிந்தது.

சரி, இதையெல்லாம் விட எனக்கு முக்கியமாகப் பட்டது ஸ்பேர் பார்ட்ஸ். பத்மினியைப் பார்க்கப் போனபோது முன்கண்ணாடியின் ரப்பர் பீடிங்கை விரலால் அழுத்தினேன், அப்பளமாக நொறுங்கி கையோடு வந்தது. புதுசுக்கு நாலு கடை ஏறி இறங்கினேன். எல்லோரும் சொன்னது ஒன்றுதான்: "பம்பாயில சொல்லி வைக்கணும் சார்." பத்மினி தயாரிப்பு 2000-ஐ ஒட்டி நின்றுபோனது. அப்புறமும் பாகங்கள் கிடைத்ததற்குப் பெரிய காரணம் மும்பையில் டாக்சியாக ஓடிய பத்மினிகள். 2023 அக்டோபரில் அவையும் ஓய்ந்துவிட்டன. வாங்க ஆள் இல்லாத சரக்கை எந்தக் கடைக்காரரும் அடுக்கி வைக்க மாட்டார்.

அம்பாசடர், கொல்கத்தா அருகே உத்தரபாராவில் இருந்த தொழிற்சாலையிலிருந்து 2014 வரை வந்துகொண்டிருந்தது. அதே இசுசு எஞ்சின் அந்தக் கம்பெனியின் இன்னொரு காரான கான்டெசாவிலும் வந்ததால் எஞ்சின் சாமானுக்கு இரண்டு வழி இருக்கிறது. பின் சக்கர பிரேக் ஆயில் கசிந்தபோது, காலையில் சென்னையின் ஸ்பேர் பார்ட்ஸ் சந்தையான புதுப்பேட்டை போய் வீல் சிலிண்டர் வாங்கி வந்தேன். மத்தியானச் சாப்பாட்டுக்குள் மெக்கானிக் மாட்டிக் கொடுத்துவிட்டார்.

மைலேஜ் எனக்கு டவுனில் ஒன்பது, பத்துதான். பத்மினி இதைவிட நன்றாகவே கொடுக்கும் என்று நினைக்கிறேன். நான் அதை இரண்டு நாள்தான் ஓட்டினேன், அளந்து பார்க்கவில்லை.

பத்மினிதான் வேண்டும் என்றால், கால் மிதியைத் தூக்கி அடியில் துரு இருக்கிறதா பாருங்கள். கண்ணாடி, பீடிங், விளக்கு எல்லாம் முழுசாக இருக்கும் வண்டிக்குக் கூடுதலாகக் கொடுத்தாலும் தப்பில்லை.