நாலு வாரம் லீவு, எட்டு வாரம் பத்தியம்

டிசம்பர் கடைசியில மெல்போர்ன்ல இருந்து கோபிச்செட்டிபாளையத்துக்கு வந்து வாசல்ல பெட்டியை எறக்குனப்ப பஞ்சு ஓடி வந்து மேல தாவலை. திண்ணையில படுத்த வாக்குலயே வாலை மட்டும் ரெண்டு ஆட்டு ஆட்டிட்டு முன்னங்காலை நக்கிட்டே கெடந்துச்சு. நாலு வயசு, வெள்ளை வெளேர்னு இருக்கிற நாயி, ஊர்ல எல்லாரும் பொமேரியன்னு சொல்றது, டாக்டருங்க இந்தியன் ஸ்பிட்ஸ்னு எழுதுவாங்க. அதோட ரெண்டு பாதமும் துருப்புடிச்ச ஆணியாட்டம் செவந்து கெடக்குது. அம்மா என்னமோ "தோட்டத்துச் செம்மண்ணு கண்ணு, எத்தனை தேய்ச்சுக் கழுவுனாலும் போறதில்லை"ன்னாங்க. எனக்கு அப்பவே திக்குனு ஆயிருச்சு, ஏன்னா மெல்போர்ன்ல எங்ககிட்ட இருக்கிற மால்டீஸ் நாய்க்கும் ரெண்டு வருசம் முன்னாடி இதே கலர் வந்துச்சு. அது மண்ணு இல்லீங்க, எச்சி. நாயோட எச்சில்ல இருக்கிற போர்ஃபைரின்ங்கிற நிறமி வெள்ளை முடியில ஏறி ஏறி அப்படி ஆகிடும். அந்த அளவுக்குக் கறை புடிக்கணும்னா அது மாசக்கணக்கா நக்கிட்டு இருந்திருக்கணும்.

ராத்திரி மடியில போட்டு வெரலுக்கு நடுவுல விரிச்சுப் பார்த்தேன். ஈரமா, செவப்பா, பழைய பாலாடை மாதிரி ஒரு வாடை. காது உள்பக்கமும் சூடா இருந்துச்சு, வயித்துல முடி கொட்டி தோலு கருத்துப் போயிருந்துச்சு. ஒரு வருசமாவே இப்படித்தான்னும் நமச்சல் எச்சா ஆனா பக்கத்து டவுன் கிளினிக்குக்கு கூட்டிட்டுப் போயி ஊசி போட்டா ஒரு மாசம் நல்லா இருக்கும், திரும்ப வரும்னும் அம்மா சொன்னாங்க. என்ன ஊசின்னு கேட்டா "நமச்சலுக்குப் போடற ஊசி". சீட்டு? இல்லை. கடைசியா எப்போ போட்டது? மூணு வாரம் இருக்கும். ஊசி போட்ட நாள்ல இருந்து குண்டா தண்ணியைக் குடிச்சுக் குடிச்சு ஒண்ணுக்குப் போயிட்டே இருக்குது, பசியும் அடங்க மாட்டேங்குதுன்னாங்க, கேட்கவே வேண்டாம், ஸ்டீராய்டுதான். ஸ்டீராய்டு தப்பான மருந்துன்னு நான் சொல்ல வரலை, தேவைப்படற எடத்துல அது வேணும். ஆனா ஏன் நமையுதுன்னு ஒருத்தரும் பார்க்காம, மருந்து பேரைக்கூட எழுதித் தராம மாசாமாசம் போட்டுட்டே போனதுதான் என்னால தாங்க முடியலை. வெளிநாட்டுல இருந்து வர்றவங்க எல்லாருக்கும் சொல்றேன், அப்பா அம்மாகிட்ட நாயி இருந்தா, எந்த ஊசி போட்டாலும் பேரும் தேதியும் ஒரு நோட்டுல எழுதி வாங்கச் சொல்லுங்க. அடுத்து பார்க்கிற டாக்டருக்கு அதுதான் கண்ணு.

ஈரோட்டுல செல்லப்பிராணிக்குன்னே இருக்கிற ஒரு கிளினிக்கைச் சொந்தக்காரங்க சொன்னாங்க. போன்ல டைம் வாங்கிட்டோம், போறதுதான் பாடு. ரெண்டு கால் டாக்ஸி நாயின்னதும் மாட்டேன்னுட்டாங்க, மூணாவது தம்பி "பெட்சீட் விரிச்சுக்குங்கக்கா, ஒண்ணுமில்லை"ன்னு கூட்டிட்டுப் போனாரு. டாக்டரம்மா சின்ன வயசு, நாமக்கல் கால்நடை மருத்துவக் கல்லூரியில படிச்சவங்க. நம்ம பக்கம் கோழிப்பண்ணைக்கும் மாட்டுக்கும் டாக்டருங்களை உருவாக்குன காலேஜ் அது, 1985-ல இருந்து இருக்குது, இப்போ 2020-ல இருந்து உடுமலைப்பேட்டையிலயும் ஒரு காலேஜ் ஆயிருச்சு. முன்ன சின்ன நாய்க்குத் தோலு சீக்குன்னா கோயமுத்தூர் போகணும்னு இருந்தது, இப்போ கொஞ்சம் மாறியிருக்குது.

அவங்க முதல்ல செஞ்சது எடை பார்த்தது. 6.8 கிலோ. சின்ன நாய்க்கு அரைக் கிலோ வித்தியாசம்கூட மருந்து அளவை மாத்திடும்னாங்க. அப்புறம் சீப்பு போட்டு வாலு அடியில வாரி, விழுந்த தூசியை ஈரமான வெள்ளைத் துணியில கொட்டிப் பார்த்தாங்க, அதுல தெள்ளுப்பூச்சியோட எச்சம் இருந்தா செவப்பாக் கரையும், ஏன்னா அது செரிச்ச ரத்தம். பஞ்சுவுக்கு அது இல்லை, காதுக்குப் பின்னாடி ரெண்டு உண்ணி மட்டும். தோலைச் சொரண்டி சொறிப்பூச்சி இருக்குதான்னும் பார்த்தாங்க, இல்லை. கடைசியா சாதாரண செலோ டேப்பை வெரலுக்கு நடுவுல ஒட்டி எடுத்து, நீலச் சாயத்துல முக்கி மைக்ரோஸ்கோப்புல வெச்சாங்க. "வந்து பாருங்க"ன்னு என்னைக் கூப்பிட்டாங்க. பார்த்தா சின்னச் சின்னதா நெலக்கடலைக்காய் வடிவத்துல ஊதாப் புள்ளிங்க, ஒண்ணு ரெண்டு இல்லை, கொத்துக் கொத்தா. மலசீசியாங்கிற ஈஸ்ட். அந்தப் பாலாடை வாடை இதுதான். அம்மாவையும் கூப்பிட்டுக் காமிச்சேன், கண்ணாடியைக் கழட்டிட்டு ரொம்ப நேரம் பார்த்தாங்க. "இத்தனை நாளு இதை வெச்சுட்டா சாமி சும்மா இருந்துச்சு"ன்னு கண்ணு கலங்கிட்டாங்க.

டாக்டரம்மா சொன்னதை என் வார்த்தையில சொல்றேன். ஈஸ்ட்டு மேல வந்து குடியேறுனது, அதுக்கு எடம் குடுத்தது அலர்ஜி. ஈஸ்ட்டை முதல்ல அடக்கணும், இல்லைன்னா எது எதனால நமையுதுன்னே புரியாது. அலர்ஜி மூணு வழியா வரலாம். தெள்ளு, உண்ணி கடி ஒண்ணு, வீட்டுத்தூசிப் பூச்சி, மகரந்தம் மாதிரி சுத்துப்புறத்துல இருந்து வர்றது ஒண்ணு, சாப்பாடு ஒண்ணு. சாப்பாட்டு அலர்ஜியை ரத்தம் எடுத்து நம்பகமா கண்டுபுடிக்க முடியாது, அதுக்கு ஒரே வழி இதுவரைக்கும் தின்னாத சாப்பாட்டை மட்டும் எட்டு வாரம் குடுத்துப் பார்க்கிறது. இதை மெல்போர்ன்ல எனக்கு இங்கிலீஷ்ல அரை மணி நேரம் வெளக்குனாங்க, இந்த டாக்டரம்மா எங்கம்மாகிட்ட ஒரே வார்த்தையில முடிச்சுட்டாங்க: "பத்தியம்ங்கம்மா. புள்ளை பெத்தவளுக்கு இருக்கிற மாதிரி." அம்மாவுக்கு அந்த நிமிசமே புரிஞ்சிருச்சு. பத்தியத்துல ஒரு வாய் மாறுனாலும் முதல்ல இருந்துதான்னு நம்ம ஊட்டுப் பொம்பளைங்களுக்குச் சொல்லவா வேணும்.

அடுத்த கேள்விதான் கஷ்டம். "இது பொறந்ததுல இருந்து என்ன சாப்பிட்டதே இல்லைங்க?" பஞ்சு தின்னாதது என்ன இருக்குது? தெனமும் தயிர் சோறு, முட்டை, கோழிக்கறித் தண்ணி, ஞாயித்துக்கெழமை ஆட்டெலும்பு, பொழுதோட டீக்கு ரெண்டு பிஸ்கட். நாய்களுக்கு அடிக்கடி ஒத்துக்காமப் போறதே மாட்டுக்கறி, பால் சாமான், கோழி, கோதுமைதானாம், அதுல மூணு எங்க வாசல்லயே இருக்குது. ரொம்ப யோசிச்சுட்டு அம்மா "மீனு"ன்னாங்க. எங்க ஊட்டுல மீன் வாங்கறதே இல்லை. சரி, பவானிசாகர் அணை ஜிலேபி மீனும் சக்கரவள்ளிக்கெழங்கும்னு முடிவாச்சு. வேகவெச்சு முள்ளு ஒண்ணு விடாம எடுத்து, உப்பு, வெங்காயம், பூண்டு எதுவும் இல்லாம. எட்டு வாரத்துக்கு மேல இதையே போடக்கூடாது, கால்சியம் மாதிரி சத்துக்கள் கொறைஞ்சிடும்னும் சொல்லிட்டாங்க. கடையில ஹைட்ரோலைஸ்டு ஃபுட்டுன்னு புரதத்தை ஒடைச்சுச் செஞ்சது கிடைக்கும், அது இன்னும் சுலபம், ஆனா வெலை அதிகம், எங்களுக்கு ஆர்டர் போட்டு வர நாளாகும்னாங்க.

இன்னொண்ணு நான் மெல்போர்ன்ல அடிபட்டுக் கத்துக்கிட்டது, அவங்களே எடுத்துச் சொன்னது சந்தோசமா இருந்துச்சு. உண்ணிக்கு மென்னு திங்கக் குடுக்கிற மாத்திரையில கறி வாசனை, இறைச்சிப் புரதம் சேர்த்திருப்பாங்க, அதைக் குடுத்தா பத்தியம் கெட்டுச்சு. அதனால கழுத்துல ஊத்தற சொட்டு மருந்து போட்டாங்க. மாட்டுக்கு அடிக்கிற உண்ணி மருந்தைத் தண்ணியில கலந்து நாய்க்கு அடிக்கிற பழக்கம் எங்க தோட்டத்துலயும் இருக்குது, தயவுசெஞ்சு வேண்டாங்க, ஏழு கிலோ நாயி நக்கியே உள்ள எடுத்துக்கும். மஞ்சளும் வேப்பிலையும் அரைச்சுப் பூசறதும் அப்படித்தான், அன்பாத்தான் செய்யறாங்க, ஆனா புண்ணான எடத்துல எரியும், அது இன்னும் நக்கும்.

நமச்சலுக்கு ஓக்லாசிட்டினிப் மாத்திரை, பஞ்சு எடைக்கு 3.6 மில்லிகிராம், முதல் ரெண்டு வாரம் ரெண்டு வேளை, அப்புறம் ஒரு வேளை. ஒரு வயசுக்குக் கீழே இருக்கிற குட்டிக்கு இது குடுக்கக்கூடாது. பத்தியம் பாதி தாண்டுனதும் நிறுத்திடணும், இல்லைன்னா நல்லானது சாப்பாட்டாலயா மாத்திரையாலயான்னு தெரியாது. வாரம் ரெண்டு தடவை குளோர்ஹெக்சிடினும் மைக்கோனசோலும் கலந்த ஷாம்பு, நொரையோட பத்து நிமிசம் நிக்கணும். அந்தப் பத்து நிமிசம்தான் மருந்தே, உடனே தண்ணி ஊத்திக் கழுவிட்டா காசு தண்ணியில போச்சு. தொவைக்கிற கல்லு மேல நிறுத்தி அம்மா கந்தர் சஷ்டி கவசத்தைப் பாதி வரைக்கும் சொல்லுவாங்க, கரெக்டா நேரம் முடியும். அப்புறம் வெரலுக்கு நடுவுல பழைய வேட்டித் துணியால ஒத்தி ஒத்தித் தொடைக்கணும்.

சாளையில தவுட்டு மூட்டைக்குப் பக்கத்துல சாக்குல படுக்கிறதை மாத்துனோம், சாக்குக்குப் பதிலா பழைய பெட்சீட், வாரம் ஒரு தடவை கொதிதண்ணியில அலசறது. வாய்க்கா ஓரம் பார்த்தீனியச் செடி இடுப்பு ஒசரம் நிக்குது, மனுசனுக்கே தோலுல தடிப்பு வரும், சின்ன நாய்க்கு வயிறே செடிக்குள்ள ஒரசிட்டுப் போகும். அந்தப் பக்கம் போறதை நிறுத்திட்டோம்.

மூணாவது வாரத்துல பொங்கல். நோம்பிக்கு ஒறம்பரை ஊடு நெறைய, எல்லாரு கையிலயும் எதாச்சும் இருக்குது, பஞ்சு மூஞ்சியைப் பார்த்தா யாருக்குத்தான் மனசு வரும். பெரிய மாமா பட்டிப் பொங்கலன்னைக்கு மாட்டுக்கு ஊட்டிட்டு ஒரு கை வெண்பொங்கலைப் பஞ்சுவுக்கும் நீட்டப் போக, அம்மா சத்தமாவே "அண்ணா, அவன் பத்தியத்துல இருக்கான், வேண்டாம்"ன்னாங்க. மாமா சட்டுனு கையை எடுத்துட்டாரு. "அலர்ஜி, டயட்"ன்னு நான் நாலு நாளா சொன்னப்ப யாரும் காதுல வாங்கலை.

எனக்கு லீவு நாலு வாரம், பத்தியம் எட்டு வாரம். ஜனவரி 18 ராத்திரி கோயமுத்தூர்ல ஃபிளைட் ஏர்றதுக்கு முன்னாடி காலண்டர்ல மிச்ச நாளையெல்லாம் பென்சில்ல வட்டம் போட்டுக் குடுத்தேன், மாத்திரை நிறுத்தற நாளு மட்டும் செவப்பு. தெனமும் பொழுதோட எந்தளவுக்கு நக்குதுன்னு அம்மா ஒண்ணுல இருந்து பத்துக்குள்ள ஒரு நம்பர் எழுதணும். கிளினிக்குல வாட்ஸ்அப்ல பாதம் போட்டோ அனுப்புனா பார்க்கிறேன்னாங்க, அனுப்புனப்ப எல்லாம் மறுநாளுக்குள்ள பதில் வந்துச்சு, அதுக்கு அவங்களுக்கு நான் ரொம்பக் கடமைப்பட்டிருக்கேன்.

நான் வந்தப்ப ஒம்பது. மாத்திரை நிறுத்துனப்ப ரெண்டு நாளு அஞ்சுக்கு ஏறுச்சு, அம்மா பயந்து போன் பண்ணுனாங்க, அப்புறம் எறங்கிருச்சு. பிப்ரவரி கடைசியில ரெண்டு. டாக்டரம்மா சொன்ன மாதிரி பத்தியம் முடிஞ்சதும் ஒத்துக்குதான்னு பார்க்க கோழிக்கறி மட்டும் சேர்த்தாங்க. மூணாம் நாளு காலையில வீடியோ கால் வந்துச்சு, அம்மா ஒண்ணும் பேசலை, போனைத் திண்ணைப் பக்கம் திருப்புனாங்க, பஞ்சு முன்னங்காலை நக்கிட்டு இருந்துச்சு. அன்னைக்கே கோழியை நிறுத்தி திரும்ப மீனுக்குப் போயிட்டோம், ஒரு வாரத்துல அடங்கிருச்சு. காது மட்டும் தூசி நாள்ல இன்னும் லேசா செவக்குது, அது சாப்பாட்டோட சேர்ந்தது இல்லைன்னாங்க. முட்டை தனியா பார்த்தாச்சு, ஒத்துக்குது. அடுத்து தயிர். பாதத்துல அடிமுடி வெள்ளையா மொளைக்குது, நுனியில மட்டும் அந்தத் துரு கலர் ஒரு கோடாட்டம் நிக்குது.